தளி: காப்பீட்டு அட்டை இருக்கு... மாத்திரைக்கு யார் காசு?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரியில் தொடங்கியது. 2018-ல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைந்தது. அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. இதய ஆபரேஷன், புற்றுநோய் என்று வந்துவிட்டால், கடனில் மூழ்காமல் ஒரு குடும்பத்தைக் காப்பது இந்த அட்டைதான். அதில் சந்தேகமே இல்லை.

ஆனால், தளி பக்கத்துக் கிராமங்களில் காசு கரைவது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முன்னாடியே. தனியார் டாக்டர் ஃபீஸ், ரத்தப் பரிசோதனை, மாத்திரை போன்ற அன்றாடச் செலவுகளை அட்டை பெரும்பாலும் தொடுவதில்லை. ஸ்கேன் எடுக்க ஓசூருக்கு சுமார் 25 கி.மீ. போகணும். அன்றைக்குக் கூலி கிடையாது, துணைக்கு வருபவருக்கும் கிடையாது. அவசரத்தில் எல்லை தாண்டி பெங்களூரு ஆஸ்பத்திரிக்கு ஓடுபவர்களும் உண்டு. அது திட்டப் பட்டியலில் இல்லையென்றால் முழு பில்லும் நம் தலையில்தான். சேருவதற்கு முன் 1800 425 3993 என்ற எண்ணில் கேட்டுவிடுவது நல்லது.

இதே வீட்டில் ஒரு பிள்ளை ஓசூர் சிப்காட்டில் வேலை பார்த்தால் கதை வேறு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு, கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும்தான். சம்பளத்தில் பிடிப்பது 0.75% மட்டுமே. டாக்டர், மருந்து இலவசம். போதிய நாட்கள் சந்தா கட்டியிருந்தால், நோய் விடுப்புக்கு 70% கூலி, ஆண்டுக்கு 91 நாள் வரை. காப்பீட்டு அட்டை தராதது இதுதான். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கா, அது உண்மையிலேயே கட்டப்படுதா என்று பாருங்க.

சிக்கல் நடுவில் மாட்டுபவர்களுக்கு. காப்பீட்டு அட்டைக்கான வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ஆக உயர்த்தப்பட்டது. அதாவது, மாதம் 10,000. ரோஜாத் தோட்டத்துக்குக் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போனாலே அதைத் தாண்டிவிடலாம். தோட்டக் கூலிக்கு இ.எஸ்.ஐ.யும் வராது. கணக்கை உண்மையாகச் சொன்னால் அட்டை போய்விடும் என்ற நிலை ஏழைகளுக்கு எதற்கு? வரம்பை இன்றைய கூலியோடு இணைத்து, ஆண்டுதோறும் மாற்றுவதே நியாயம்.

மாத்திரைச் செலவைக் குறைக்க வழி இதே மாவட்டத்தில்தான் தொடங்கியது. 2021 ஆகஸ்ட் 5-ல் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்', சுகர், பி.பி. மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் ஓசூர் வரை போகும் செலவு மட்டும் இன்னும் குடும்பத்தின் பொறுப்பிலேயே இருக்கிறது. அதற்கான பஸ் காசையும் ஒருநாள் கூலியையும் அடுத்த காப்பீட்டு ஒப்பந்தத்தில் அரசு சேர்க்க வேண்டும்.