கரண்ட் ரீசார்ஜ் அல்ல

“ஜியோ வந்துதானே நெட்டு விலை இறங்குச்சு? கரண்டையும் அவங்ககிட்ட குடுத்துப் பாருங்க, தன்னால இறங்கும்.”

தருமபுரி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இதைக் கேட்டிருக்கிறேன். பாலக்கோடு தக்காளி மண்டியில் கேட்டிருக்கிறேன். என் தம்பியே சொல்லியிருக்கிறான். போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்து முக்கால் மணி நேரம் இதையே பேசினார். கூட்டம் கை தட்டியது. இனியும் பேசாமல் இருப்பது தப்பு.

இது வெறும் டீக்கடைப் பேச்சும் அல்ல. ஒரே கம்பியில் பல கம்பெனிகள் கரண்ட் விற்கலாம் என்கிற மின்சாரத் திருத்த மசோதா 2022 ஆகஸ்ட் 8 அன்று மக்களவைக்கு வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் நிலைக்குழுவுக்குப் போனது. 2025 அக்டோபரில் அதே ஏற்பாட்டோடு புது வரைவு வந்தது. கம்பெனிகள் தயாராகத்தான் இருக்கின்றன. ஜியோவின் தாய் நிறுவனம் ரிலையன்ஸ், சோலார், பேட்டரி தொழிலில் 75,000 கோடி ரூபாய் போடுவதாக 2021-லேயே அறிவித்துவிட்டது. அந்த ஜியோவில் கூகுள் போட்ட பணம் 33,737 கோடி. விசாகப்பட்டினத்தில் டேட்டா சென்டர் கட்ட கூகுள் கூட்டுச் சேர்ந்திருப்பது அதானியோடும் ஏர்டெல்லோடும். அதானி மும்பையில் வீட்டுக்கு வீடு கரண்ட் விற்கிற கம்பெனி. போனும் கரண்டும் ஒரே கல்லாவுக்குப் போகும் நாள் தூரத்தில் இல்லை.

நெட்டு விலை இறங்கிய கதையைப் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். மீதியை நான் சொல்கிறேன். 2016 செப்டம்பர் 5-இல் ஜியோ வந்தது. 2017 மார்ச் வரை இலவசம். அந்த இலவசத்தைத் தாங்கியது ரிலையன்ஸ் எண்ணெய்ச் சுத்திகரிப்பில் சம்பாதித்த பணம். அந்தப் பணம் இல்லாத கம்பெனிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. தமிழ்நாட்டில் வீட்டுக்கு ஒரு சிம் இருந்த ஏர்செல், 2018 பிப்ரவரியில் டவர் அணைந்து படுத்தது. நம்பரைக் காப்பாற்ற ஊர் ஊராக ஜனங்கள் கடை வாசலில் நின்றதை அதற்குள் மறந்துவிட்டோமா? கடைசியில் மிஞ்சிய தனியார் மூன்று பேர். 2024 ஜூலை முதல் வாரத்தில் மூன்று பேரும் அடுத்தடுத்து விலையை ஏற்றினார்கள். ஜியோவில் 239 ரூபாய் பேக் 299 ஆனது. யாராவது நம்மைக் கேட்டார்களா? ஒரு மெசேஜ் வந்தது, அவ்வளவுதான். போன் கட்டணத்தை அவரவர் விருப்பத்துக்கு விட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

இ.பி.யும்தான் ஏற்றுகிறது என்பார்கள். ஏற்றுகிறது, நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் 2022-இல் ஏற்றுவதற்கு முன் கோவை, மதுரை, சென்னை என்று மூன்று ஊரில் ஒழுங்குமுறை ஆணையம் கருத்துக்கேட்புக் கூட்டம் போட வேண்டியிருந்தது. விவசாயியும் விசைத்தறிக்காரரும் எழுந்து நின்று கணக்குக் கேட்டார்கள். ரீசார்ஜ் பேக்குக்கு அப்படி ஒரு மேடை எங்கே இருக்கிறது?

இன்னொன்று. டவரை ஒருமுறை நட்டுவிட்டால் இன்னொரு ஜி.பி. அனுப்ப பெரிய செலவில்லை. கரண்ட் அப்படியா? மேட்டூர் அனல் மின் நிலையத்தில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஏறத்தாழ 700 கிராம் நிலக்கரி எரிந்தாக வேண்டும். எந்த ஆப் வந்தாலும் அது குறையாது.

தனியார் வந்தால் லைன் லாஸ் குறையும் என்றார் அந்தக் கல்யாண மண்டபப் பேச்சாளர். ஒடிசாவில் 1999-இல் கொடுத்துப் பார்த்தார்கள். 2015-இல் மூன்று கம்பெனிகளின் உரிமத்தை அந்த மாநில ஆணையமே பிடுங்கியது. பிடிக்காவிட்டால் போர்ட் பண்ணிக்கொள்ளலாம் என்றார். கம்பமும் டிரான்ஸ்பார்மரும் அதேதான், பில்லில் இருக்கிற பெயர்தான் மாறும்.

எனக்கு வயிறு எரிவது, கரண்டுக்கும் ரீசார்ஜ் என்கிற அந்த ஒரு சொல்லில்தான். எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார். மகன் பெங்களூரில் கட்டட வேலை. போன வருஷம் நாலு நாள் அவன் கூப்பிட்ட கால் எதுவும் அவருக்கு வரவில்லை. போன் கெட்டுவிட்டது என்று என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தார். கெடவில்லை, பேக் முடிந்திருந்தது. அவர் யாருக்கும் போன் போட்டவரில்லை, வருகிற காலை எடுப்பவர். அதற்கும் மாதா மாதம் காசு. மாதம் என்றால் முப்பது நாள்கூட இல்லை, இருபத்தெட்டு. வருஷத்துக்குப் பதின்மூன்று மாதம்.

அதே பாட்டி வீட்டில் ரெண்டு பல்பு, ஒரு ஃபேன், அரசு கொடுத்த டிவி. 2016-இலிருந்து வீடுகளுக்கு ரெண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் அவர் வீட்டு அட்டையில் பெரும்பாலும் பூஜ்யம்தான் எழுதியிருக்கும். இந்தப் பாட்டியை வைத்து எந்தக் கம்பெனி லாபம் பார்க்கும்? பார்க்க வேண்டுமென்றால் அந்தப் பூஜ்யத்தை அழித்தாக வேண்டும்.

இன்றைக்கு நாம் பில் கட்டத் தவறினாலும், எழுத்தில் பதினைந்து நாள் அவகாசம் கொடுக்காமல் கரண்டைத் துண்டிக்கக் கூடாது; 2003 மின்சாரச் சட்டத்தின் 56-ஆவது பிரிவு அது. ரீசார்ஜ் பண்ணுகிற பிரீபெய்டு மீட்டரில் பேலன்ஸ் தீர்ந்தால் மீட்டரே அணைத்துவிடும். கெஞ்சிப் பேச அங்கே ஆளே கிடையாது. 2024 மே மாதம் குஜராத்தில், வதோதராவில், பிரீபெய்டு ஸ்மார்ட் மீட்டருக்கு எதிராக ஜனங்கள் தெருவுக்கு வந்தது சும்மா இல்லை. டெக் கம்பெனிகளின் குணத்துக்கு ஒரு சாட்சி போதும்: வீட்டு விளக்கையும் பூட்டையும் இயக்குகிற ரிவால்வ் என்ற பெட்டியை அமெரிக்காவில் 300 டாலருக்கு விற்றார்கள். கூகுளின் நெஸ்ட் அந்தக் கம்பெனியை வாங்கி, 2016 மே மாதம் சர்வரை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர் வீட்டிலேயே அந்தப் பெட்டி செத்தது.

நம் தருமபுரி மாவட்டத்தில் கரண்ட் என்றால் தண்ணீர்தான். ஆயிரம் அடி போரிலிருந்து மோட்டார் இழுத்தால்தான் சித்திரை வெயிலில் தக்காளிச் செடி நிற்கும். 1990-இலிருந்து அந்த மோட்டாருக்குக் கட்டணம் இல்லை. தக்காளி கிலோ ரெண்டு ரூபாய்க்கு விழுந்து, பறிக்கிற கூலிகூடக் கட்டாமல் ரோட்டோரம் கொட்டிய வருஷங்களிலும் அடுத்த போகத்துக்குத் துணிந்து இறங்க வைத்தது அதுதான். கையில் காசே இல்லாத அந்த மாதத்தில் மோட்டாருக்கு ரீசார்ஜ் பண்ணு என்றால் விவசாயி எங்கே போவான்?

இ.பி.யில் ஆள் பற்றாக்குறை இருக்கிறது. கடன் மலையாக நிற்கிறது. ஆளைப் போடுங்கள், கணக்கைச் சரிபண்ணுங்கள், அதற்காகச் சண்டை போடுங்கள். நானும் வருகிறேன்.

எங்கள் மோட்டார் கொட்டாயில் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேலே, சுவரில், கரித்துண்டால் ஒரு போன் நம்பர் எழுதியிருக்கும். லைன்மேன் நம்பர். எங்கப்பா எழுதியது. போன ஐப்பசி மழையில் புளியமரக் கிளை முறிந்து லைன்மேல் விழுந்த ராத்திரி, அந்த நம்பருக்குத்தான் கூப்பிட்டேன். பதினொன்றரைக்கு டிவிஎஸ் வண்டியில் வந்தார். டார்ச்சை என் கையில் கொடுத்து, “நேரா புடி தம்பி, ஆட்டாத” என்று சொல்லிவிட்டு ஈரக் கம்பத்தில் ஏறினார்.