திமிலை வைத்து இனம் சொல்ல முடியுமா?

2017 சனவரியில் சல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூட்டம் திரண்ட பிறகு, நாட்டு மாடு பற்றிய பேச்சு கடல் கடந்தும் சூடு பிடித்தது. அந்தப் பேச்சோடு ஒரு நம்பிக்கையும் நிலைபெற்றுவிட்டது: திமில், நிறம், கொம்பு, உயரம் ஆகிய நான்கையும் பார்த்து, வேண்டுமானால் நாடா வைத்து அளந்து, ஒரு மாடு தூய காங்கேயமா இல்லையா என்று அங்கேயே சொல்லிவிடலாம் என்பது. இங்கே லண்டனின் இல்ஃபோர்ட் தமிழர்களிடமும் இது கேள்விக்கு இடமில்லாத உண்மைபோலப் புழங்குகிறது. நாட்டு மாடு காப்பாற்றப்பட வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. இந்த நான்கு அடையாளங்களைக் கொண்டு அதைக் காப்பாற்றிவிட முடியாது என்பதே என் வாதம்.

திமிலை முதலில் எடுத்துக்கொள்வோம். அது தசையும் கொழுப்பும் சேர்ந்த மேடு. சிலர் நம்புவதுபோல, சூரிய ஆற்றலை இழுக்கும் நாடி எதுவும் அதற்குள் ஓடுவதாக எந்த உடற்கூற்றியல் நூலும் காட்டவில்லை. இந்தியத் துணைக்கண்டத்தில் வீட்டு விலங்கான மாட்டு வகை முழுவதற்கும் திமில் பொது. காளைக்குப் பெரிதாகவும் பசுவுக்குச் சிறிதாகவும் இருக்கும். காயடித்த எருதுக்குக் காளை அளவு எழும்பாது. அமெரிக்கப் பிராமன் மாட்டைப் பாருங்கள். இந்தியாவிலிருந்து போன கிர், காங்க்ரேஜ், ஓங்கோல் ரத்தங்களைக் கலந்து அமெரிக்கர்கள் உருவாக்கியது அது. அதன் திமிலோ நம் கோயில் காளைக்கு இணையாக நிற்கும். ஆகவே வளர்ந்த காளைக்குத் திமிலே இல்லையென்றால் அது நாட்டு மாடல்ல எனலாம், திமில் இருப்பதாலேயே இன்ன இனம் எனச் சொல்ல முடியாது. திமில் இருந்தால் பாலில் ஏ2 வகைப் புரதம் என்ற முழக்கமும் அரைகுறைதான். இங்கே தங்கமூடிப் பால் என விற்கும் ஜெர்சி, கர்ன்சிப் பாலைத் தரும் பசுக்களுக்குத் திமில் கிடையாது. ஆனால் கர்ன்சி மந்தைகளில் ஏ2 புரதம் மிகுதி.

நிறத்தில் ஏமாறுவது இன்னும் எளிது. காங்கேயம் கன்று பிறக்கும்போது சிவப்பு. ஏறத்தாழ ஆறு மாதத்தில் சாம்பலுக்கு மாறுகிறது. காளை முதிர முதிரத் திமிலும் முன்சப்பையும் பின்சப்பையும் கருக்கின்றன. காயடித்த எருது வெளிர் சாம்பலாகவே நிற்கிறது. ஒரே மாட்டின் வாழ்நாளிலேயே இத்தனை நிறம். போதாததற்கு மயிலை, செவலை, காரி என்று கொங்கு நாட்டு மாட்டுக்காரர்கள் இனத்துக்குள்ளேயே நிறம் பிரித்துப் பேசுகிறார்கள். சாம்பல் அல்லாததெல்லாம் கலப்பு என்று தொலைவிலிருந்து தீர்ப்பு எழுதுபவர், அந்த மண்ணின் வளர்ப்பாளரைவிடத் தனக்கு மாடு தெரியும் என்கிறார். கொம்பு விஷயத்தில் காவிரி டெல்டாவின் உம்பளச்சேரி மாடு ஒன்றே போதும். அதன் எருதுகளுக்குக் கொம்பை நீக்கிவிடுவது அங்கே பழைய வழக்கம். மொட்டை மாடு என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. அங்கே மொட்டைத் தலை என்பது மனிதக் கை செய்த வேலை, பிறவிக் குணமல்ல.

மிச்சமிருப்பது அளவு. எண் என்பதால் இதற்குத்தான் அறிவியலின் மரியாதை அதிகம் கிடைக்கிறது. தோள்மேட்டு உயரம், உடல் நீளம், மார்புச் சுற்றளவு ஆகியவற்றை ஆய்வாளர்கள் எடுப்பது உண்மை. கர்னாலிலுள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் ஓர் இனத்தை வரையறுக்கும்போது இவை பதிவாகின்றன. ஆனால் அந்த எண்கள் அந்த இனத்தின் பிறப்பிடத்தில் அளந்த பல மாடுகளின் சராசரி. ஒரு கூட்டத்தின் சராசரியைத் தனி மாட்டுக்குச் சான்றிதழாக்க முடியாது. ஆலம்பாடியும் ஹள்ளிக்காரும் ஒரே மைசூர் வகைக் குடும்பம். இரண்டின் அளவுகளும் ஒன்றன்மேல் ஒன்று படியும். மார்புச் சுற்றளவோ கோடையில் இளைத்து, மழைக்குப் பின் தேறுகிறது. அதை வைத்து எடையைக் கணக்கிடலாம், மருந்தளவை நிர்ணயிக்கலாம், தீவனம் போதுமா என்று பார்க்கலாம். நாடாவுக்கு அந்த வேலைகளே கௌரவமானவை. பெரிய மாடே உயர்ந்த மாடு என்பாருக்குக் கேரளத்தின் வெச்சூர் பதில் சொல்லும். ஒரு மீட்டரைக்கூட எட்டாத பசு அது. 1989 முதல் சோசம்மா ஐப்பும் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தாரும் தேடித்தேடி மீட்டார்கள்.

அப்படியானால் எந்தக் கலப்பின மாட்டையும் காங்கேயம் என்று விற்றுவிடலாமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தோற்றம் ஒரு மாட்டை விலக்க உதவும், உறுதிப்படுத்த உதவாது. உறுதிப்படுத்துவது வம்சப் பதிவு. இல்ஃபோர்டுக்குப் பக்கத்திலேயே இதற்குச் சாட்சி உண்டு. வான்ஸ்டெட் புல்வெளியில் மாடுகள் திரிந்து மேய்ந்த வழக்கம், பைத்தியப் பசு நோய்க் காலத்தில், 1996-இல் நின்றது. அந்தப் புல்வெளியையும் சேர்த்து எப்பிங் காட்டைப் பராமரிக்கும் லண்டன் நகராட்சி பின்னர் மேய்ச்சலுக்குத் தேர்ந்தெடுத்தது லாங்ஹார்ன் மாட்டை. அவற்றில் ஒன்றின் கொம்பு முகத்தைச் சுற்றி வளைந்திருக்கும், இன்னொன்றின் கொம்பு பக்கவாட்டில் நீளும். இரண்டையும் லாங்ஹார்ன் ஆக்குவது தாய் தந்தையரின் பெயர் ஏறிய ஏடு. இங்கிலாந்தில் ஷார்ட்ஹார்னுக்கு அத்தகைய ஏடு 1822-இலேயே அச்சானது. ராபர்ட் பேக்வெல் 18-ஆம் நூற்றாண்டில் லாங்ஹார்னை மாற்றி அமைத்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஆயிரமாண்டு மாறாத தூய்மை என்ற கற்பனை இங்கேயும் நிற்காது.

ஏட்டைக் காட்டுவது வெள்ளைக்காரன் வழி, நம் ஊருக்குப் பொருந்தாது என்பது அடுத்த ஆட்சேபம். பழையகோட்டைப் பட்டக்காரர் மந்தை என்ன சொல்கிறது? காங்கேயத்தின் புகழுக்குக் காரணம் அந்தக் குடும்பம் தலைமுறைகளாகச் செய்த தேர்வு. எந்தக் காளையை எந்தப் பசுவோடு சேர்ப்பது என்ற முடிவு. அந்தத் தேர்வும் வெறுமையில் நடக்கவில்லை. கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நிற்கும் கொறங்காட்டில் மேய்ந்து, கிணற்றில் கவலை இழுத்து, பாரவண்டி இழுத்துத் தேறிய மாட்டையே அவர்கள் வைத்துக்கொண்டார்கள். டிராக்டரும் மோட்டாரும் வந்து அந்த வேலையைப் பறித்த பிறகுதான் மாடு குறைந்தது. திமில் சிறுத்ததால் அல்ல. எனவே ஊரிலுள்ள ஒரு மந்தைக்கு இங்கிருந்து பணம் அனுப்புகிறவர், காளையின் படத்தைக் கேட்பதை நிறுத்திவிட்டு மூன்று கேள்விகள் கேட்கலாம். கன்றுகளுக்குத் தாயும் தந்தையும் எவை என எழுதி வைத்திருக்கிறீர்களா? ஒரே காளையை எத்தனை ஆண்டு இனப்பெருக்கத்துக்கு விடுகிறீர்கள்? மேய்ச்சல் நிலம் யார் பெயரில் இருக்கிறது?