நாற்காலியில் ஒரு ஸஜ்தா

முட்டம் முதல் குளச்சல் வரையிலான நம் கரையோர வீடுகளில் மூட்டுத் தேய்மானத்தால் துன்புறும் உம்மாமார்கள் பலர். "ஆபரேஷன் செய்தால் இனி தரையில் ஸஜ்தா செய்ய இயலாதே" என்று அஞ்சியே சிலர் ஆண்டுக்கணக்கில் வலியைச் சுமக்கின்றனர்.

தேய்ந்த எலும்புப் பரப்பை நீக்கி, உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் பொருத்துவதே மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. இந்தியாவில் மருத்துவம் பயின்று, நியூயார்க்கில் நவீனச் செயற்கை முழங்காலை உருவாக்கியவர்களுள் ஒருவரானார் டாக்டர் சித்தரஞ்சன் ரணாவத். 2000இல் பிரதமர் வாஜ்பாயிக்கு மும்பையில் இச்சிகிச்சையைச் செய்தவர் அவரே. அன்று எட்டாக்கனியாகத் தோன்றியது இன்று நம் கைக்கு நெருங்கியுள்ளது. 2017இல் மத்திய அரசு விலை உச்சவரம்பு விதித்ததால், பரவலாகப் பயன்படும் கோபால்ட் குரோமிய மூட்டின் விலை ஏறத்தாழ 1.58 லட்சத்திலிருந்து 54,720 ரூபாயாகக் குறைந்தது.

சிகிச்சைக்குப் பின் தரையில் மடங்கி அமர்வதை மருத்துவர்கள் பெரும்பாலும் தவிர்க்கச் சொல்வது உண்மையே. ஆயினும், நோயுற்றிருந்த இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை புகாரியில் காண்கிறோம். நிற்க முடிந்தவர் நின்றே தொழ வேண்டும். இயலாத நிலைக்கு மட்டுமே நாற்காலி. அங்கே தலை தாழ்த்திச் செய்யும் ஸஜ்தாவும் ஸஜ்தாவே.

மார்க்கம் தந்த சலுகையை நாம் குறையாகப் பார்க்கலாமா? உம்மாவை உம்ராவுக்கு அழைத்துச் செல்ல விரும்பும் பிள்ளைகளே, முதலில் எலும்பு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அறுவை சிகிச்சை தேவையா என்பதை அவர் சொல்லட்டும். நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் ஷிஃபா அளிப்பானாக! ஆமீன்.