திரும்பி வரும் வித்தை

சந்திரனுக்குப் போவதைப் பற்றி இப்போது நம் வீடுகளில் குழந்தைகள்கூடப் பேசுகிறார்கள். 2023-ம் ஆண்டு ஆகஸ்டு 23-ந் தேதி சந்திரயான்-3 சந்திரனில் இறங்கியதைக் கண்டு தேசமே ஆனந்தமடைந்தது. அம்முயற்சியின் திட்ட இயக்குநரான ஸ்ரீ வீரமுத்துவேல் நமக்கு அடுத்த விழுப்புரத்துக்காரர் என்பதில், திட்டக்குடிவாசிகளாகிய நமக்குச் சற்று அதிகமாகவே பெருமை உண்டு. ஆனால் இறங்கிய அந்தக் கலம் திரும்பி வருவதற்காகச் செய்யப்பட்டதன்று. சந்திரனிலிருந்து கல்லும் மண்ணும் எடுத்துவரப் போகும் சந்திரயான்-4 திட்டத்துக்கு 2024 செப்டம்பர் 18-ந் தேதி மத்திய மந்திரி சபை அனுமதி அளித்தது. ஆகவே, திரும்பி வரும் வித்தையை நாம் சிறிது தெரிந்துகொள்வது நல்லது.

"மேலே போகும்போதும் அதே காற்றைத்தானே கடந்து போகிறது? வரும்போது மட்டும் ஏன் தீப்பற்றியதுபோல் ஜொலிக்கிறது?" என்று பள்ளிப் பிள்ளைகள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். போகும்போது ராக்கெட்டு அடர்ந்த காற்றை நிதானமாகக் கடந்துவிட்டு, காற்று மெலிந்த உயரத்தில்தான் பெருவேகம் கொள்கிறது. சந்திரனிலிருந்து திரும்பும் கலமோ, பூமியின் ஈர்ப்பினால் இழுக்கப்பட்டு, விநாடிக்குச் சுமார் 11 கிலோமீட்டர் வேகத்துடன் நமது காற்று மண்டலத்தின் வாசலுக்கு வருகிறது. அந்த வேகத்தில் திட்டக்குடியிலிருந்து சென்னைக்கு அரை நிமிஷத்துக்குள் போய்விடலாம்!

பூமிக்கு அருகே சுற்றும் கலங்களின் வேகம் விநாடிக்கு 8 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. எட்டுக்கும் பதினொன்றுக்கும் என்ன பிரமாத வித்தியாசம் என்று எண்ணிவிடக் கூடாது. வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தே சக்தி பெருகுகிறது. ஆகையால் ஒவ்வொரு கிலோ எடைக்கும் ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தியைச் சில நிமிஷங்களில் இழந்தாக வேண்டும். அதற்குக் காற்றேதான் தடை போடுகிறது.

அந்த உஷ்ணம் பெரும்பாலும் உராய்வினால் உண்டாவதன்று. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுகிறதல்லவா? அதுபோலவே, விலக அவகாசமில்லாத காற்று கலத்தின் முன்னே நசுங்கிக் கொதிக்கிறது. கலத்தின் முகம் கூர்மையாக இருப்பதைவிட மழுங்கலாக இருப்பதே மேல் என்று அமெரிக்க விஞ்ஞானி ஆலன் 1950-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தார். மழுங்கிய முகம் கொதிக்கும் காற்றைச் சற்று எட்டவே நிறுத்திவிடுகிறது. நுழையும் சாய்வும் முக்கியம். மிகச் செங்குத்தாக வந்தால் கலம் நாசமாகும். மிகச் சாய்வாக வந்தால் வேகம் போதிய அளவு குறையாமல் மறுபடி வெளியே போய்விடும். 1969 ஜூலை 24-ல் அப்பொல்லோ-11 வீரர்கள் மூவரும் இந்தக் குறுகிய வழியாகவே வந்து கடலில் இறங்கினார்கள்.

மிஞ்சிய உஷ்ணத்தைத் தாங்குவது கவசத்தின் வேலை. இதில் நம் தேசத்துக்கும் அனுபவம் உண்டு. 2007 ஜனவரி 10-ல் ஏவப்பட்ட 550 கிலோ எடையுள்ள கலம் ஒன்று, பன்னிரண்டு நாள் பூமியைச் சுற்றிவிட்டு, ஜனவரி 22-ல் வங்கக் கடலில் பத்திரமாக இறங்கியது. அதன் மூக்கில், கருகித் தேய்ந்து உஷ்ணத்தைக் கொண்டுபோகும் கரிநார்க் கவசம் இருந்தது. உடலில், மணலின் சத்தான சிலிகாவினால் செய்த ஓடுகள் இருந்தன. ஆனால் அது பூமிக்கு அருகிலிருந்து வந்த பிரயாணம். சந்திரனிலிருந்து வருவது இனிமேல்தான்.

அனுபவசாலிகளுக்கும் அது எளிதன்று. 2022 டிசம்பர் 11-ல் சந்திரனைச் சுற்றிவிட்டு ஆளில்லாமல் திரும்பிய அமெரிக்காவின் ஓரியன் கலத்தில், கவசத்தின் கருகிய பாகம் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் பெயர்ந்து போயிருந்தது. காரணத்தை ஆராய்ந்து 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள். கலம் காற்றில் ஒருமுறை முங்கி, மேலெழுந்து, மறுபடி முங்கியது. இடைப்பட்ட நேரத்தில் வெளிச்சூடு தணிந்ததால், மேற்புறம் போதிய அளவு கருகித் துவாரம் விடவில்லை. உள்ளே உண்டான வாயு வழியின்றித் தங்கி, கவசத்தைப் பிளந்துவிட்டது.

விருத்தாசலத்துச் சூளைக்காரர்களுக்கு இது அவ்வளவு புதிதாக இராது. சரியாக உலராத பாண்டத்தை அவசரப்பட்டுச் சூளையில் வைத்தால், உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி, வழியின்றிப் பாண்டத்தை வெடிக்கச் செய்யும் என்பதை அவர்கள் அறிவார்கள். பொருள்கள் வேறு, உஷ்ணமும் வேறு. உள்ளே பிறக்கும் ஆவிக்கு வழி வேண்டும் என்ற விதி மட்டும் ஒன்றே.

அதே விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் கற்பிக்கும் அரசாங்கக் கல்வி நிலையம் இருக்கிறது. எனினும் நம் பெற்றோர்களில் பலர், மண்ணோடும் நெருப்போடும் பழகும் படிப்பு நம் பிள்ளைகளுக்கு ஏற்றதன்று என்று எண்ணுகிறார்கள். அந்த எண்ணத்தை விட்டுவிட வேண்டும். ராக்கெட்டு செய்கிறவர்கள் கல்லை எடுத்துக்கொண்டு புறப்படுவார்கள். அது கருகாமல் நம் கைக்கு வந்து சேர, நெருப்பில் ஒரு பொருள் என்ன ஆகும் என்று அறிந்தவர்களும் வேண்டும். உங்கள் மகனோ மகளோ அந்தப் படிப்பை விரும்பினால், தடுக்காமல் அனுப்பி வையுங்கள்.