அடுத்தவரைத் திட்டினா நமக்கு ஓட்டு விழுமா?



கொஞ்ச நாளா நம்ம வாட்ஸ்அப் குழுக்கள்ல சுத்துற மீம்ஸ், வெட்டி ஒட்டின வீடியோ எல்லாத்தையும் உட்கார்ந்து பார்த்தோம். தோழர்களோட உழைப்பு தெரியுது. சிலதுக்குச் சிரிப்பும் வந்தது. ஆனா பாதிக்கு மேல எதிர் வேட்பாளரோட நடை, நிறம், குடும்பம், பேச்சுத் தடுமாற்றம் பத்தினது. நாளைக்கு முக்கூடல்ல பீடி சுத்துற அக்கா வீட்டுக் கதவைத் தட்டும்போது இதையா காட்டப் போறோம்?

எதிர்த்தரப்பைத் தாக்கவே கூடாதுன்னு யாரும் சொல்லலை. தாக்காத தேர்தல் எங்க இருக்கு? 1967-ல் முதலமைச்சர் பக்தவத்சலத்தை 'அண்ணாச்சி'ன்னு மரியாதையா கூப்பிட்டு, அரிசி விலை என்னாச்சுன்னு கேட்ட முழக்கம் தெருத்தெருவா ஒலிச்சுது. அதுல அவரோட பிறப்பும் இல்ல, குடும்பமும் இல்ல. அரிசிக்கு அலைஞ்ச வீட்டோட கேள்வி மட்டும் இருந்தது. ஆட்சி மாறிச்சு.

பிற்பாடு விளம்பரக் கம்பெனிகள் வந்தன. 2016-ல் தி.மு.க., ஆளுங்கட்சியைக் கேலி செஞ்சு நாளிதழ் முதல் பக்கங்கள்ல விளம்பரம் கொடுத்தது. ஊரே அதைப் பேசிச்சு. ஜெயிச்சது அ.தி.மு.க. 2021-ல் வாக்குப்பதிவுக்கு ரெண்டு நாள் முன்னாடி, ஏப்ரல் 4 அன்னைக்கு, அ.தி.மு.க. செய்தி மாதிரியே அச்சடிச்ச விளம்பரத்தைப் பத்திரிகைகள்ல வெளியிட்டது. தேர்தல் ஆணையம் வரைக்கும் புகார் போச்சு. ஜெயிச்சது தி.மு.க. நெல்லை மாவட்டத்துல அஞ்சு தொகுதி. ராதாபுரம், பாளையங்கோட்டை, நாங்குநேரி ஒரு பக்கம். திருநெல்வேலி, அம்பாசமுத்திரம் இன்னொரு பக்கம். எல்லார் வீட்டுக்கும் வந்தது ஒரே விளம்பரம்தான். தீர்ப்பு மட்டும் 3-2.

அமெரிக்காவைக் காட்டி வாதாடுற தோழர்களும் இருக்காங்க. அங்க 1964 அதிபர் தேர்தல்ல ஒரு சின்னப் பொண்ணு பூவிதழை எண்ணிக்கிட்டே இருக்க, அணுகுண்டு வெடிக்கிற விளம்பரத்தை ஜான்சன் தரப்பு வெளியிட்டது. செப்டம்பர் 7, காசு கொடுத்து ஒளிபரப்பினது ஒரே ஒரு தடவை. எதிராளி கோல்ட்வாட்டர் பேர்கூட அதுல வராது. ஜான்சன் அமோகமா ஜெயிச்சார். ஆனா அந்த விளம்பரம் வர்றதுக்கு முன்னாடியே அவர் ரொம்ப முன்னிலையில் இருந்தார்ங்கறதை யாரும் சொல்றதில்லை. இந்த மாதிரிப் பிரச்சாரத்தைப் பத்தின 111 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2007-ல் வந்த கட்டுரை என்ன சொல்லுதுன்னா, தாக்குதல் விளம்பரம் மனசுல நல்லா நிக்கும். ஆனா அதால ஓட்டு கூடுதுன்னு சொல்ல உறுதியான ஆதாரம் இல்லை. அரசு மேல இருக்கிற நம்பிக்கைதான் கொஞ்சம் குறையுது.

அவ்வளவு தூரம் எதுக்கு, தூத்துக்குடிக்கு அக்கரையைப் பாருங்க. 2024 செப்டம்பர் 21 இலங்கை அதிபர் தேர்தல்ல, அநுர குமார வந்தா பொருளாதாரம் மறுபடி கவிழ்ந்துடும்னு பயமுறுத்தினாங்க. 2022-ல் பெட்ரோலுக்கும் காஸுக்கும் வரிசையில நின்ன சனங்க அது, அதுக்கு மேல எதைக் காட்டிப் பயமுறுத்துறது? 2019-ல் 3 சதவீதம் சொச்சம் வாங்கினவர், முதல் எண்ணிக்கையிலயே 42 சதவீதத்தைத் தாண்டினார்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிடுறோம். வேட்பாளரோட தனிப்பட்ட நடத்தை பத்தித் தெரிஞ்சே பொய் பரப்பி, அதுக்கு நம்ம வேட்பாளரோட சம்மதமும் இருந்ததுன்னு நிரூபணமானா, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(4)-ன் கீழ் ஜெயிச்ச வெற்றியே செல்லாமப் போகும். 2024 மே மாசம் மேற்கு வங்கத்துல பா.ஜ.க. விளம்பரங்களுக்குக் கல்கத்தா உயர் நீதிமன்றம் தடை போட்டது. உச்ச நீதிமன்றமும் அதுல தலையிட மறுத்துடுச்சு.

ஆனா நமக்கு உண்மையான கவலை கோர்ட்டு இல்லை, நம்ம ஊருதான். வேற மாவட்டத்துல கிண்டலாப் போற ஒரு வரி, இங்க அப்படிப் போகாது. ஒரு பட்டப்பேரு, கையில கட்டின கயிறோட நிறம், பின்னணியில ஓடவிடுற ஒரு பாட்டு, இது போதும் யாரைச் சொல்றோம்னு தெரிய. மீம் போடுற நமக்கு அது அரசியல். அதை ஸ்டேட்டஸ்ல வைக்கிற பதினாறு வயசுப் பையனுக்கு அது சாதி. 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரியில பள்ளிக்கூடப் பிள்ளைங்களே கூடப் படிச்ச பையனை வீடு புகுந்து வெட்டினதும், தடுக்கப்போன தங்கச்சிக்கும் வெட்டு விழுந்ததும் இன்னும் ஆறலை. நீதியரசர் சந்துரு தலைமையில ஒரு நபர் குழு போட்டு அறிக்கை வாங்க வேண்டிய நிலைமை. அந்த ஊர்ல நின்னுக்கிட்டு, வேட்பாளரோட சாதியைக் குத்திக் காட்டுற படத்தை நம்ம கொடி வண்ணத்துல போடுறதுக்கு எந்தத் தோழருக்கும் அனுமதி கிடையாது. போட்டவங்க இன்னைக்கே எடுத்துடுங்க. எடுக்காதவங்க குழுவுல இருக்க மாட்டாங்க.

கணக்காவும் யோசிங்க. 2016-ல் ராதாபுரம் முடிவானது 49 ஓட்டுல. நாற்பத்தொன்பது! ஒரு தெருவோட ஓட்டு. 2024 நாடாளுமன்றத் தேர்தல்ல நெல்லைத் தொகுதியில பதிவானது சுமார் 64 சதவீதம்தான், மாநிலச் சராசரியை விடக் குறைவு. மிச்சப் பேரு வராததுக்கு ஆயிரம் காரணம் இருக்கும், வெளியூர்ப் பிழைப்பு உட்பட. 'எல்லாவனும் ஒண்ணுதாம்ல'ன்னு வீட்டுல இருந்துட்டவங்களும் அதுல உண்டு. நாம எதிராளி மேல சேறு வீசினா அவங்க எதிராளியை மட்டும் வெறுக்க மாட்டாங்க.

டீக்கடையில நோட்டீஸ் நீட்டினா பெரியவங்க கேக்குறது ஒண்ணுதான்: "அவம் கெடக்கட்டும், நீங்க என்ன செய்வீய, அதச் சொல்லுங்க." பதில் வச்சிருக்கோமா? தாமிரபரணியில சாக்கடை கலக்குறதை எப்ப, எப்படி நிறுத்துவோம்? 2023 டிசம்பர் வெள்ளத்துல மூழ்கின தெருக்களுக்கு அடுத்த மழைக்குள்ள என்ன செய்வோம்? கால்வாய்க் கடைமடைக்குத் தண்ணி? பீடிக்கூலி? எதிர்த்தரப்பு இதுல எதைச் செய்யலையோ அதைத் தேதியோட, படத்தோட, அரசாணை எண்ணோட போட்டுக் கிழிங்க. அந்தத் தாக்குதலுக்கு நாங்களே பக்கம் ஒதுக்குறோம்.

இந்த வாரம் ஒவ்வொரு தோழரும் உங்க வார்டுல கழிவுநீர் ஆத்துல எந்த இடத்துல கலக்குதுன்னு நேர்ல போய்ப் பார்த்து, படம் எடுத்து, இடத்தோட பேரும் தேதியும் எழுதி மாவட்டப் பொறுப்பாளருக்கு அனுப்புங்க. பழைய படம் வேண்டாம்.