சங்க இணையதளத்தின் மென்பொருளை மாற்றுவது எப்போது?

சங்கத்துக்கு இணையதளம் வேண்டுமா, வேண்டாமா என்ற வாதம் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. ஆரணிப் பட்டு நெய்கிறவரும், ஜவ்வாது மலையிலே சாமையும் தேனும் புளியும் சேர்த்துத் தருகிறவரும், வாங்குகிறவர் இன்று கைப்பேசியிலே பார்த்த பின்னரே விலை கேட்கிறார் என்பதைக் கண்கூடாகக் கண்டுவிட்டனர். இப்போது எழுந்துள்ளது வேறொரு வினா. தளத்தை இயக்கும் மென்பொருளை எப்பொழுது புதுப்பிப்பது, அதை முடிவு செய்கிறவர் யார் என்பதே அது. கலசப்பாக்கம் வட்டாரத்து நிர்வாகக் குழுக் கூட்டங்களில் இதற்கு இரண்டே விடைகளைக் கேட்கிறேன். “ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, அதை ஏன் தொடவேண்டும்?” என்பது ஒன்று. “புதிய பதிப்பு வந்துவிட்டதாம், உடனே மாற்றவேண்டும் என்று கம்பெனிக்காரர் சொல்கிறார்” என்பது மற்றொன்று. இரண்டும் தவறு என்பது என் துணிபு. முதலாவது அதிகச் செலவு வைக்கும் தவறு.

கைத்தறிச் சங்கங்கள் கைத்தறித் துறையின் மேற்பார்வையில் இருப்பவையாயிற்றே, விவசாயச் சங்கங்களைப் பார்க்கிறவனுக்கு அங்கே என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். இந்த விஷயத்திலே தறிக்கும் ஏருக்கும் வேற்றுமை இல்லை.

வேர்ட்பிரஸ், துருபல் போன்ற உள்ளடக்க மேலாண்மை மென்பொருள்கள், நிரல் எழுதத் தெரியாத சிப்பந்தியும் விலைப்பட்டியலை மாற்றுவதற்கும், புடவைப் படத்தை ஏற்றுவதற்கும் இடம் தருவன. இவற்றை எவரும் விலையின்றிப் பெறலாம். மென்பொருள் இலவசம் என்பதால் அதன் பராமரிப்பும் இலவசம் என்று நம்மவர் எண்ணிவிடுகின்றனர். குழப்பம் அங்கேதான் ஆரம்பமாகிறது.

மாற்றங்கள் இருவகைப்படும். நெசவாளர்க்கு இதை விளக்குவது எளிது. நெய்துகொண்டிருக்கும்போது பாவிலே இழை அறுந்தால் தறியை நிறுத்தி அந்த நிமிஷமே முடிச்சுப் போடுகிறோம். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று எவரும் விடுவதில்லை. அச்சையே மாற்றவேண்டுமாயின் பாவு முடியும்வரை காத்திருக்கிறோம். மென்பொருளிலும் பாதுகாப்புத் திருத்தம் என்பது அறுந்த இழை. பெரும் பதிப்பு மாற்றம் என்பது அச்சு மாற்றம். இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணி, இரண்டையும் ஒத்திப்போடுவதோ, இரண்டுக்கும் ஒரேயடியாக விரைவதோ கூடாது.

முதல்வகைக்கு எவ்வளவு அவசரம் உண்டு என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 2014ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் தேதி துருபல் 7இல் ஒரு பெருங்குறை கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தம் வெளியிடப்பட்டது. அயலார் எவரும் கடவுச்சொல் இன்றித் தளத்தின் உட்புகுந்து தரவுத்தளத்தையே கைப்பற்றத்தக்க குறை அது. இரண்டு வாரம் கழித்து அதன் பாதுகாப்புக் குழுவினர் வெளியிட்ட எச்சரிக்கை யாதெனில், அறிவிப்பு வெளிவந்த ஏழு மணி நேரத்துக்குள் திருத்தாத தளம் ஒவ்வொன்றும் களவுபோனதாகவே கருதப்படவேண்டும் என்பது. இந்திய நேரப்படி கணக்கிட்டால் அந்தக் கெடு மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்கு முடிந்தது. எந்தச் சங்கத்தின் காரியதரிசி அந்நேரத்திலே விழித்திருந்து திருத்தம் செய்வார்? வேர்ட்பிரஸ் 2013இல் வந்த 3.7ஆம் பதிப்பு முதல் சிறு திருத்தங்களைத் தானாகவே ஏற்றுக்கொள்கிறது. அந்த ஏற்பாட்டை யாரோ அணைத்து வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். அணைக்கப்பட்டிருந்தால் இன்றே திறக்கச் சொல்லுங்கள். இதற்குக் குழுத் தீர்மானம் வேண்டியதில்லை.

பெரும் பதிப்பு மாற்றமே உண்மையில் நிதானித்து முடிவு செய்யவேண்டிய காரியம். துருபல் 7 வெளிவந்தது 2011 ஜனவரி 5ஆம் தேதி. அதன் பராமரிப்பு 2021 நவம்பரில் முடியும் என்று முதலில் அறிவித்தனர். பின்னர் 2022க்கும், 2023க்கும், இறுதியாக 2025 ஜனவரி 5ஆம் தேதிக்கும் தள்ளி வைத்தனர். ஒவ்வொரு முறை கெடு தள்ளப்பட்டபோதும், “இன்னும் ஒரு தவணை கிடைக்கும்” என்று பலர் வாளாவிருந்தனர். கடன் தவணை ஒத்திவைப்பை எதிர்பார்த்திருக்கும் அங்கத்தினரை நாம் பார்த்ததில்லையா? அதே மனோபாவந்தான். கடைசி நாள் வந்தபோது லட்சக்கணக்கான தளங்கள் அப்பழைய பதிப்பிலேயே நின்றன. ஏழிலிருந்து எட்டுக்குப் போவது சாதாரணப் புதுப்பிப்பு அன்று. தளத்தைப் புதிதாகக் கட்டி உள்ளடக்கத்தை வண்டியேற்றிக் கொண்டுபோவது. எட்டிலிருந்து ஒன்பதுக்குப் போனதோ ஒப்பீட்டில் எளிய காரியம். ஆகவே “புதுப்பிப்பு” என்ற ஒரே சொல்லை நம்பித் தொகை ஒதுக்கலாகாது. வீட்டுக்கு வெள்ளையடிப்பதா, வீடு மாறுவதா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும்.

அதற்காக வெளிவந்த அன்றே தாவுவதும் விவேகமன்று. 2018 டிசம்பர் 6ஆம் தேதி வேர்ட்பிரஸ் 5.0 வந்தது. எழுதும் பலகையே அடியோடு மாறிவிட்டது. அந்த மாதம் முடிவதற்குள் 5.0.1, 5.0.2 என இரண்டு திருத்தங்கள் தொடர்ந்தன. பழைய பலகையே வேண்டும் என்று தனிச் செருகி ஒன்றைப் போட்டுக்கொண்டவர் எண்ணற்றோர். முதல் திருத்தங்கள் வந்து, நாம் பயன்படுத்தும் செருகிகள் புதிய பதிப்புக்கு இசைந்துவிட்டன என்று தெரிந்த பின் மாறுவதே போதுமானது. சில வாரங்கள் பொறுப்பதில் நஷ்டம் இல்லை; சில வருஷங்கள் பொறுப்பதில்தான் நஷ்டம்.

மாதம் பார்த்தும் மாறவேண்டும். தீபாவளித் தள்ளுபடி நடக்கையில் தறிச் சங்கத்தின் தளத்தைக் கலைப்பவரை என்னென்பது? தானியம் களத்துக்கு வந்து வாங்குவோர் விசாரிக்கும் நாட்களில் விளைவிப்போர் சங்கம் கை வைக்கலாகாது. விற்பனை ஓய்ந்திருக்கும் மாதமே நமக்குப் பாவு முடியும் காலம்.

இனி, நம் மொழிக்கே உரிய தொல்லை ஒன்றுண்டு. வெளியூர்க் கம்பெனிக்காரர் பலர் இதை அறியார். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்பதற்கு முன்னும், அலுவலகங்களில் அதற்குப் பின்னும், வானவில், பாமினி முதலிய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை ஏராளம். பாமினியிலே அடித்த தமிழ், கணினிக்குள்ளே ஆங்கில எழுத்துக்களாகவே கிடக்கிறது. அந்த எழுத்துரு இருக்கும்வரை தமிழாகத் தெரியும், புதிய தளத்துக்குப் போனதும் பொருளற்ற குப்பையாகிவிடும். யூனிகோடிலே இருப்பதும், தரவுத்தளத்தைப் பெயர்க்கும்போது குறிமுறையைத் தவறாகக் கொடுத்தால் சிதைந்துபோகும். ஆகவே மாற்றத்துக்கு முன் பழைய பக்கங்களிற் சிலவற்றை அச்செடுத்து வையுங்கள். மாற்றிய பின் தமிழ் நன்கு வாசிக்கத் தெரிந்த ஒருவர் கொம்பும் துணைக்காலும் இடம் மாறாமல் இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்கட்டும். சங்கத்தின் பழைய அறிக்கைகளும் வடிவமைப்பு விவரங்களும் ஒருமுறை போனால் திரும்ப வருவதில்லை.

“பேக்கப் இருக்கிறது” என்ற பதிலை நான் ஏற்பதில்லை. அந்தப் பிரதி தளம் இருக்கும் அதே கணினியிலே இருந்தால், வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டியதற்கு ஒப்பாகும். பிரதியை வேறோரிடத்தில் ஏற்றித் தளத்தை எழுப்பிக் காட்டவேண்டும். புதிய பதிப்பையும் அந்த ஒத்திகைத் தளத்திலேயே முதலில் ஓட்டிப் பார்க்கவேண்டும். ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துக் கைப்பேசியிலே அது திறக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். புதிய பதிப்போடு வரும் அலங்காரங்கள் சென்னையிலே அழகாக இருக்கும். அலைவரிசை மெலிந்த மலையிலே பாதிப் பக்கம் திறப்பதற்குள் வாங்குகிறவர் போய்விடுவார்.

இங்கே என் சொந்த அபிப்பிராயம் ஒன்றைச் சொல்லவேண்டும். சங்கத்தின் முகவரி, தொலைபேசி, பத்துப் புடவைப் படம், ஆண்டுக்கொருமுறை மாறும் விலைப்பட்டியல், இவ்வளவே உள்ள தளத்துக்கு இத்தனை பெரிய யந்திரம் தேவையில்லை. அத்தகைய சங்கங்கள் புதுப்பிப்பைப் பற்றி யோசிப்பதை விட்டு, உள்ளதைச் சாதாரண நிலைப் பக்கங்களாக மாற்றி வைத்துக்கொள்வதே மேல். தரவுத்தளமும் நுழைவுக் கடவுச்சொல்லும் இல்லாத பக்கத்திலே திருடன் புகுவதற்கு வாசல்கள் மிகக் குறைவு. கம்பெனிக்காரர் இதைச் சொல்லமாட்டார். அவருக்கு ஆண்டுச் சந்தா குறையும்.

விற்பனையும் அங்கத்தினர் விவரமும் உள்ள தளங்களுக்கு இது பொருந்தாது. அவை தனித்தனியே அல்லற்படுவானேன்? திருவண்ணாமலை மாவட்ட நிர்வாகத்தின் தளம், தேசிய தகவலியல் மையத்தின் எஸ்-3-வாஸ் என்னும் பொது அமைப்பிலே இயங்குகிறது. நாட்டின் மற்ற மாவட்டத் தளங்கள் பலவும் அவ்வாறே. பதிப்பு மாற்றுவதும் குறை தீர்ப்பதும் ஓரிடத்திலே நடக்கின்றன. நூலும் உரமும் மொத்தமாக வாங்கத் தெரிந்த நாம், பத்துச் சங்கங்கள் சேர்ந்து ஒரே மென்பொருளையும் ஒரே பராமரிப்பாளரையும் வைத்துக்கொள்வதற்குத் தடை எதுவும் எனக்குப் புலப்படவில்லை. தளத்தின் பெயர்ப்பதிவும் கடவுச்சொற்களும் மட்டும் அந்தந்தச் சங்கத்தின் பெயரிலேயே இருக்கவேண்டும். ஒப்பந்தக்காரர் தம் பெயரிலே பதிந்து வைத்திருந்ததனால், அவரை மாற்றவும் முடியாமல், தளத்தை மாற்றவும் முடியாமல் தவிக்கும் சங்கம் ஒன்றை நான் அறிவேன்.

அடுத்த வரவு செலவுத் திட்டத்தை எழுதும்போது, தறிக்கும் கட்டடத்துக்கும் தேய்மானம் குறிக்கும் பக்கத்திலேயே இணையதளத்துக்கும் ஒரு தொகை எழுதுங்கள். தளம் எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பில் ஓடுகிறது, அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும் கடைசி நாள் எது என்ற இரண்டு விவரங்களையும் பராமரிப்பாளரிடம் எழுத்து மூலம் வாங்கித் தீர்மானப் புத்தகத்திலே பதிந்து வையுங்கள். ஆய்வுக்கு வருகையில் அந்தப் பக்கத்தையும் கேட்டுப் பார்ப்பதாக இருக்கிறேன்.