கடிகாரம் யாரைப் பார்க்க வேண்டும்?

சடுகுடு ஆட்டத்தில் பாடிப் போகிறவரின் மூச்சுதான் ஒரு காலத்தில் கடிகாரம். தம் பிடிக்கத் தெரிந்தவருக்கு எதிரணிக் களத்தில் கூடுதல் நேரம் கிடைத்தது. 2014இல் தொடங்கிய புரோ கபடி லீகில் எல்லோருக்கும் ஒரே அளவு: ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. திரையில் எண்கள் இறங்க இறங்க, வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவருக்கும் மூச்சு முட்டுகிறது.

இறங்கும் எண்கள் இப்போது ஆடுகளத்தோடு நிற்பதில்லை. 2025 நீட் தேர்வில் 180 கேள்விகளுக்கு 180 நிமிடம். கேள்விக்கு ஒரு நிமிடம்தான். தேர்வே கடிகாரத்தோடு பந்தயம் என்றால் பயிற்சியும் அப்படித்தான் இருக்கும், அதில் தவறில்லை. பயிற்சிக்கான அளவுகோலையே அறிவை அளக்கவும் எடுத்துக்கொள்ளும்போதுதான் சிக்கல்.

உடற்பயிற்சிக் கூடங்களில் பிரபலமான ‘டபாட்டா’ இதற்கு நல்ல உதாரணம். 20 விநாடி உழைப்பு, 10 விநாடி ஓய்வு. இப்படி 8 சுற்று. மொத்தம் நாலே நிமிடம். ஜப்பானிய ஆய்வாளர் இசுமி டபாட்டாவின் குழு 1996இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது இது. ஆறு வாரத்தில் நல்ல பலன் தெரிந்தது உண்மை. ஆனால் அதில் பங்கேற்றவர்கள் உடற்கல்வி பயின்ற இளைஞர்கள். நிலையான சைக்கிளை, ஏழெட்டுச் சுற்றில் கால்கள் ஓய்ந்துபோகும் அளவுக்கு மிதித்தார்கள். அந்த உழைப்பை விட்டுவிட்டு நாலு நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது மணியோசைதான். அதே வேகத்தை இதய நோயாளி ஒருவர் மருத்துவரைக் கேட்காமல் முயன்றால் விபரீதம்.

வகுப்பறையில் கடிகாரம் செய்யும் வேலை இன்னும் நுட்பமானது. கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ அளந்து பார்த்தார். சராசரியாக ஒரு விநாடி! அதற்குள் பதில் வராவிட்டால் அடுத்த மாணவர், அல்லது ஆசிரியரே பதில் சொல்லிவிடுவார். மந்தம் என்று ஆசிரியர் கருதிய குழந்தைகளுக்குக் கிடைத்த அவகாசம் மற்றவர்களைவிடக் குறைவு. அதிகம் தேவைப்பட்டவர்களுக்குத்தான் குறைவாகக் கிடைத்தது.

காத்திருக்கும் நேரத்தை 3 விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன. மௌனமாக நின்றவர்களின் எண்ணிக்கை குறைந்தது. பின்வரிசைக் குழந்தைகளும் பேசத் தொடங்கினார்கள். ஆசிரியர்களுக்கும் அவர்களைப் பற்றிய எண்ணம் மாறியது. ரோ இதை 1974இல் எழுதினார்.

நம் வகுப்பறைகளில் ஐம்பது, அறுபது பேர் இருக்கும்போது யாருக்காகவும் காத்திருக்க முடியாது என்று ஆசிரியர்கள் சொல்லக்கூடும். பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும் என்ற அவர்கள் கவலையும் நியாயமானதே. ஆனால் கேட்பது 3 விநாடி. ஒரு பாடவேளையில் இருபது கேள்வி கேட்டால்கூட, மொத்தம் ஒரே நிமிடம்.

மாணவர்களை விரட்டுவதற்காகக் கரும்பலகைக்கு மேலே கடிகாரம் மாட்டும் பள்ளிகள், எதிர்ச் சுவரில் ஆசிரியரின் கண்ணில் படும்படி இன்னொன்றையும் மாட்டலாம். ‘இவனுக்கு ஒன்றும் வராது’ என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நிஜமாகவே பதில் தெரியவில்லை, எத்தனை பேருக்கு இரண்டு விநாடி போதாமல் போயிற்று என்பது அப்போது தெரியவரும்.